குடிக்காத அப்பாவின் கல்லீரலில் தழும்பு: புதிய ஆய்வுகளில் எங்களுக்கு என்ன இருக்கிறது?

கேள்வி: கல்மண்டபம் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 58 வயது. துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் வேலை, 31 ஆண்டுகளாக. தாத்தா குடித்தே உயிரை விட்டவர். அதனால் பாட்டி, அப்பாவுக்குப் பதினாறு வயதானபோது திருவொற்றியூர் வடிவுடையம்மன் சன்னதிக்கு அழைத்துப் போய், சாராயத்தைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். அப்பா அந்தச் சத்தியத்தை இன்றுவரை மீறியதில்லை. கல்யாண வீடு, காரியம் நடக்கும் வீடு எங்கே போனாலும் அவர் கையில் இருப்பது சோடாதான்.

ஒன்பது ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வயிற்று ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 2’ என்று வந்தது. அப்போது பார்த்த மருத்துவர், “இது இப்போது எல்லோருக்கும் இருக்கிறது, எண்ணெயைக் குறையுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாங்களும் மறந்துவிட்டோம். சென்ற மாதம் வேறொரு மருத்துவர், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொன்னார். 11.8 கிலோபாஸ்கல் என்று வந்திருக்கிறது. மூன்றாம் நிலைத் தழும்பாக இருக்கலாம் என்கிறார்கள்.

அந்த ஸ்கேன் மையத்தில் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. காலை ஒன்பதுக்கு வரச் சொன்னார்கள், கூப்பிட்டபோது மணி பன்னிரண்டு. பசி தாங்காமல் அப்பா பதினொன்றே காலுக்கு இரண்டு பன்னும் ஒரு டீயும் சாப்பிட்டிருந்தார். உள்ளே போனதும் ஸ்கேன் எடுத்தவர், “தினமும் எவ்வளவு குடிப்பீர்கள்?” என்றார். குடிப்பதில்லை என்றார் அப்பா. “மறைக்காமல் சொல்லுங்கள் பெரியவரே” என்று மறுபடியும், அதற்குப் பிறகு மூன்றாவது முறையும் கேட்டார். கதவு திறந்திருந்தது, வெளியே பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அப்பா வாயே திறக்கவில்லை. வீட்டுப் படியேறும்போதுதான், “என் அப்பன் குடித்த கணக்கை என் ஈரலில் எழுதிவிட்டார்களா?” என்று கேட்டார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனை: எஸ்.ஜி.ஓ.டி. 44, எஸ்.ஜி.பி.டி. 52 (இரண்டும் கல்லீரல் நொதிகள்), தட்டணுக்கள் 2.10 லட்சம். இப்போது: எஸ்.ஜி.ஓ.டி. 62, எஸ்.ஜி.பி.டி. 71, தட்டணுக்கள் 1.58 லட்சம். எடை 78 கிலோ, உயரம் 164 செ.மீ.

கல்லீரல் தானாக வளரும் உறுப்பு என்கிறார்கள். அப்படியானால் தழும்பும் ஆறுமா? புதிய மாத்திரை ஒன்றும் ஊசி ஒன்றும் வந்திருப்பதாகச் செய்தித்தாளில் படித்தேன், அவை இவருக்குப் பொருந்துமா? உறவினர்களோ, “உன் அப்பா எங்களுக்குத் தெரியாமல் குடித்திருப்பார்” என்கிறார்கள். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பதில் 1: மணலி மூலிகை

கவலை வேண்டாம் சகோதரி. கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் 48 நாள் கொடுங்கள். மாலையில் சீந்தில் கொடிக் கஷாயம். எங்கள் பாட்டி காலத்திலிருந்து காமாலைக்கு இதுதான் கொடுக்கிறோம், கைவிட்டதில்லை.

பதில் 2: பழைய வண்ணைத் தகட்டுக்காரர்

அம்மா, நான் மருத்துவன் இல்லை. திசுப் பரிசோதனைக் கூடத்தில் 33 ஆண்டுகள் கல்லீரல் துணுக்குகளை மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகும் இந்த உறுப்பைப் பற்றிப் படிப்பதை நிறுத்தவில்லை. உங்கள் அப்பா படியில் நின்று கேட்ட கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

குடிப்பவரின் ஈரலும் சர்க்கரைக்காரரின் ஈரலும் நுண்ணோக்கியில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதே கொழுப்பு, அதே உப்பிய செல்கள், அதே தழும்பு. தகட்டை மட்டும் பார்த்து ‘இது குடி’ என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. 1980-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லுட்விக் என்ற நோய்க்குறியியலாளர், குடிப்பழக்கம் இல்லாத 20 நோயாளிகளின் ஈரலில் இந்த மாற்றங்களைக் கண்டு, ‘மது சாராத’ என்ற சொல்லைச் சேர்த்து இதற்குப் பெயர் வைத்தார். அந்தப் பெயரிலேயே மது ஒட்டிக்கொண்டிருந்ததுதான் கொடுமை. இல்லை என்று சொல்லும்போதும் மதுவைச் சொல்லியாக வேண்டியிருந்தது. 2023 ஜூனில் உலகக் கல்லீரல் அமைப்புகள் கூடி அந்தப் பெயரை மாற்றிவிட்டன. வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த கொழுப்புக் கல்லீரல் நோய் என்பதுதான் இப்போதைய பெயர். சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது இதன் இலக்கணம். உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அது போதும். நம் சென்னையிலேயே செய்யப்பட்டு 2009-ல் வெளியான ஆய்வில், நூறு பேரில் 32 பேருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தது. சர்க்கரை உள்ளவர்களில் பாதிப் பேருக்கும் மேல். சம்பந்தம் பேச வருபவர்களிடம் இதைச் சொல்லுங்கள். வருகிறவர்கள் வீட்டிலும் ஒருவருக்காவது இது இருக்கும்.

அடுத்து, அந்த 11.8. இந்தக் கருவி ஈரலின் விறைப்பை அளக்கிறது. சாப்பிட்டவுடன் ஈரலுக்குப் போகும் இரத்தம் கூடும், விறைப்பும் கூடும். குறைந்தது மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்த பிறகே எடுக்க வேண்டும். பன்னும் டீயும் முடிந்த முக்கால் மணி நேரத்தில் எடுத்த எண்ணை நான் முடிவான எண்ணாக ஏற்கமாட்டேன். மருத்துவரிடம் சொல்லி மறுபடி எடுங்கள். இதற்காக நோயே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஏனென்றால் நீங்கள் எழுதியிருக்கும் இரத்தக் கணக்கும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது.

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள்: 58 பெருக்கல் 62, 3596. எஸ்.ஜி.பி.டி. 71-இன் வர்க்கமூலம் 8.43. அதைத் தட்டணுக்களால், ஆயிரக் கணக்கில் 158 என்று எடுத்துப் பெருக்கினால் ஏறக்குறைய 1331. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 2.70. இதற்கு ஃபிப்-4 என்று பெயர், 2006-லிருந்து இருக்கிறது. 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 2.67-ஐத் தாண்டினால் கல்லீரல் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். இடையில் இருந்தால் ஃபைப்ரோஸ்கேன் போன்ற அடுத்த சோதனை தேவை.

இதே கணக்கை மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய தாளில் போடுங்கள். 55, 44, 52, 210. விடை 1.60. அன்றைக்கே அடுத்த சோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். எச்சரிக்கை உங்கள் வீட்டு அலமாரியில் மூன்று ஆண்டுகளாக இருந்திருக்கிறது, அம்மா. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. இதற்கு எந்திரம் தேவையில்லை, செலவு தேவையில்லை, எந்தச் சர்க்கரை நோயாளியின் கோப்பிலும் இந்த நான்கு எண்கள் கிடக்கும். கோடிக்கணக்கில் செலவழித்து மருந்து கண்டுபிடிக்கும் காலத்தில், ஒரு நிமிடக் கணக்கைப் போடாததால் மனிதர்கள் முற்றிய நிலையில் வந்து நிற்கிறார்கள்.

தழும்பு ஆறுமா என்று கேட்டீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஒருமுறை விழுந்தால் விழுந்ததுதான் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அது தவறு என்று இப்போது தெரிந்துவிட்டது. ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்கு ஐந்து ஆண்டுகள் டெனோஃபோவிர் என்ற வைரஸ் மருந்து கொடுத்து, தொடக்கத்திலும் முடிவிலும் துணுக்கெடுத்துப் பார்த்த ஆய்வு 2013-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. தழும்பின் கடைசி நிலையான சிரோசிஸ் வரை போயிருந்த 96 பேரில் 71 பேருக்கு ஐந்தாம் ஆண்டில் சிரோசிஸ் இல்லை. காரணத்தை நிறுத்தினால் ஈரல் தன் தழும்பைத் தானே கரைக்கிறது.

எப்படிக் கரைக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1876-ல் குப்ஃபர் என்ற ஜெர்மானியர் ஈரலுக்குள் நட்சத்திர வடிவச் செல்களைக் கண்டார். அவற்றின் வேலை வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைப்பது. புதிய ஈரல் சீவலை ஒருமுறை புற ஊதா ஒளியில் வைத்துக் காட்டினார்கள். நீலப்பச்சையாகப் பொட்டுப் பொட்டாக மின்னியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கி மறைந்தது. அந்தப் பொட்டுகள்தான் வைட்டமின் ஏ. பக்கத்துச் செல்கள் கொழுப்பால் அடிபட்டுச் செத்துக்கொண்டே இருந்தால், இந்த நட்சத்திரச் செல்கள் தங்கள் வைட்டமினை இழந்து, தொழிலை மாற்றிக்கொண்டு, நாரை நெய்யத் தொடங்குகின்றன. மேசன் ட்ரைக்ரோம் சாயம் போட்டால் செல்கள் சிவப்பாகவும் அந்த நார் நீலமாகவும் தெரியும். தொடக்கத்தில் செல்லைச் சுற்றிக் கோழிக்கூண்டு வலைபோல மெல்லிய நீலக்கோடு. பிறகு கோடுகள் சேர்ந்து பட்டையாகும், பட்டைகள் ஒன்றையொன்று தொடும். கொழுப்பு எங்கே என்று கேட்பீர்கள். தகடு தயாரிக்கும்போது நாங்கள் ஊற்றும் திரவங்களில் கொழுப்பு கரைந்து ஓடிவிடும். அது இருந்த இடம் வெள்ளை வெள்ளை ஓட்டையாக மட்டும் நிற்கும். பல ஆண்டுகள் அந்த ஓட்டைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2012-ல் எலிகளில் செய்த ஆய்வுகள் ஒன்றைக் காட்டின. அடி நின்றதும் நார் நெய்யும் செல்களில் பாதி செத்துப்போகின்றன. மீதிப் பாதி பழைய அமைதிக்குத் திரும்புகின்றன. ஆனால் முழுவதும் பழையபடி ஆவதில்லை. மறுபடி அடி விழுந்தால் முன்னைவிட வேகமாக எழுந்து நெய்யத் தொடங்குகின்றன. ஆறு மாதம் கட்டுப்பாடாக இருந்துவிட்டு விட்டுவிடுவது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

மருந்துகளுக்கு வருகிறேன். நீங்கள் படித்த மாத்திரை ரெஸ்மெடிராம். தைராய்டு ஹார்மோன் ஈரலில் செய்யும் வேலையை மட்டும் தூண்டி, கொழுப்பை எரிக்க வைக்கிறது. 966 பேரிடம் சோதித்து, 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். ஓராண்டில் தழும்பு ஒரு படி குறைந்தவர்கள், அளவைப் பொறுத்து, நூற்றுக்கு 24 முதல் 26 பேர். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 14 பேர். ஊசி செமாக்ளூடைட். 800 பேரை 72 வாரம் பார்த்த கணக்கில் தழும்பு குறைந்தவர்கள் 37 சதவீதம், வெற்று ஊசியில் 22. அதற்கு 2025 ஆகஸ்டில் அங்கே இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. நம் நாட்டில் சரோகிளிட்டசார் என்ற மாத்திரைக்கு 2020-லேயே அனுமதி உண்டு, உங்கள் மருத்துவர் அதைப் பற்றிப் பேசக்கூடும். நல்ல மருந்துகள்தாம், நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் வெற்று மருந்து எடுத்தவர்களின் எண்ணையும் பாருங்கள். மருந்தில்லாமலே சிலருக்குத் தழும்பு இறங்கியிருக்கிறது. உணவையும் நடையையும் சரிசெய்யச் சொல்லிக் கொடுத்தது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஹவானாவில் 293 பேரை ஓராண்டு உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து, மறுபடி துணுக்கெடுத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வந்தது. உடல் எடையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு ஈரல் அழற்சி நீங்கியது, 45 பேருக்குத் தழும்பு இறங்கியது. அந்த அளவு குறைத்தவர்கள் பத்தில் ஒருவர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது கடினம். உங்கள் அப்பாவுக்குப் பத்து சதவீதம் என்றால் எட்டுக் கிலோ. துறைமுகத்தில் ஒரு நாளைக்கு எத்தனை டீ, ஒவ்வொன்றிலும் எத்தனைக் கரண்டிச் சர்க்கரை என்று கேளுங்கள். சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ், அதன் பெரும்பகுதி நேரே ஈரலுக்குப் போகிறது, அங்கே கொழுப்பாகவும் மாறுகிறது. எண்ணெயைக் குறைக்கச் சொன்ன மருத்துவர் டீயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மணலி நண்பருக்கு: கீழாநெல்லியை நான் இகழமாட்டேன். நம் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் தியாகராஜன் குழுவினர் 1988-ல் லான்செட்டில் எழுதிய கட்டுரையால்தான் உலகமே இந்தச் செடியைத் திரும்பிப் பார்த்தது. மருந்தெடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து ஹெபடைடிஸ் பி-யின் அடையாளப் புரதம் மறைந்தது என்றார்கள். அந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ப்ளும்பெர்கும் இந்தச் செடி ஆய்வில் சேர்ந்து உழைத்தார். ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்தபோது அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. அது வைரஸுக்கான ஆய்வு என்பதும் முக்கியம், உங்கள் அப்பாவுக்கு இருப்பது வேறு நோய். சீந்திலை மட்டும் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள். கொரோனா காலத்தில் அந்தக் கஷாயம் குடித்து ஈரல் கெட்டவர்களை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரைப் பற்றி எழுதின. ஏற்கெனவே தழும்பு உள்ள ஈரலில் அந்தப் பரீட்சை வேண்டாம்.

பதில் 3: தேரடி லேத் பட்டறை

எனக்கு 46 வயது. நானும் குடிப்பதில்லை. 84 கிலோ இருந்தேன், விறைப்பு 9.4. பதினான்கு மாதத்தில் 75-க்கு வந்தேன், விறைப்பு 6.1. மருந்து எதுவும் எடுக்கவில்லை.

செய்ததைச் சொல்கிறேன். பட்டறைக்கு வரும் டீயில் சர்க்கரை வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொன்னேன், அவரே பத்து நாள் மறந்து போட்டுக் கொடுத்தார், பத்து நாளும் திருப்பி அனுப்பினேன். மாலை பஜ்ஜியை விட்டேன். மீனை விடவில்லை, வறுவலை விட்டுக் குழம்புக்கு மாறினேன். சோற்றைப் பாதியாக்கினேன். நடக்க இடம்தான் கிடைக்கவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே யார் நடப்பது? அதனால் காலை ஐந்தரைக்குக் கோயில் மாட வீதிகளைச் சுற்றினேன். முதல் வாரம் நான்கு சுற்று, இப்போது பதினொன்று. முதல் மூன்று மாதம் எடை ஒன்றரைக் கிலோதான் இறங்கியது, அப்போதுதான் விட்டுவிடத் தோன்றும். உங்கள் அப்பாவிடம் அதை முன்பே சொல்லி வையுங்கள்.

கல்மண்டபம், இராயபுரம் என்றால் அவருக்கு ராபின்சன் பூங்கா பக்கம்தானே?

கல்மண்டபம் மகள் (ஐந்து வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. தகட்டுக்காரர் ஐயா, உங்கள் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘தகட்டை மட்டும் பார்த்து யாராலும் முடியாது’ என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு அத்தையைக் கூப்பிட்டு அவருக்கும் வாசிக்கச் சொன்னார்.

வெறும் வயிற்றில் வேறிடத்தில் ஸ்கேன் எடுத்தோம். 10.1. தழும்பு இருப்பது உண்மைதான், ஆனால் சிரோசிஸ் இல்லை என்று கல்லீரல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். சர்க்கரை மாத்திரையை மாற்றியிருக்கிறார். ஊசி பற்றி ஆறு மாதம் கழித்து, எடையைப் பார்த்துப் பேசலாம் என்றார். அப்பா ஒரு நாளைக்கு ஆறு டீ குடித்திருக்கிறார், இரண்டிரண்டு கரண்டிச் சர்க்கரையோடு. இப்போது சர்க்கரை இல்லாமல் மூன்று. எடை 76.2. பூங்காவில் நடக்கிறார்.

இன்னொன்று. நீங்கள் எழுதிய கணக்கை அவர் தன் சரக்குக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். மறுநாளே கூட வேலை செய்பவர்களிடம் பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்களைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். இதுவரை ஒன்பது பேருக்குக் கணக்குப் போட்டிருக்கிறார். இரண்டு பேரை அவரே மருத்துவரிடம் அழைத்துப் போனார். ஓய்வு பெற்ற கிரேன் ஓட்டுநர் ஒருவருக்கு 68 வயது, அவருக்கு 1.7 வருகிறது. அவரையும் அழைத்துப் போகட்டுமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்.

பழைய வண்ணைத் தகட்டுக்காரர்

65 வயதுக்கு மேல் எல்லை 2.0 என்று வைத்துக்கொள்ள வேண்டும் அம்மா, வயதே அந்த எண்ணை ஏற்றிவிடும். 1.7 என்றால் அவசரமில்லை. அவருக்குச் சர்க்கரை இருந்தால் அடுத்த ஆண்டு மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒன்பது பேரின் தாள்களையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள், தேதியோடு.